பழக்கமும் வழக்கும்: சமூக வலைத்தளங்கள் முகம் மாற்றும்போது எழும் கோபம் குறித்து

1

‘கொஞ்ச நாள் கத்துவாங்க, அப்புறம் பழகிப்போயிடும்.’ சமூக வலைத்தளம் ஒன்று தன் முகத்தை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியம் சொல்லப்படுகிறது. நிறுவனத்துக்காரர்கள் சொல்கிறார்கள். தொழில்நுட்பப் பத்தி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். நேற்றுவரை தாமும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்த பயனர்களே இன்றைக்குச் சொல்கிறார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லும்போது அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிப்பது விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன். உலக அனுபவத்தைச் சொல்வதுபோலத் தோன்றும் இந்த வாக்கியம் உண்மையில் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறது. ஒரு கோரிக்கையை எடுத்து அதை ஒரு மனநிலையாக மாற்றிவிடுகிறது. ‘இப்படிச் செய்யாதே’ என்று ஒருவன் சொன்னால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘அவனுக்கு மாற்றம் என்றால் பயம்’ என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவன் குணமாகும்வரை காத்திருந்தால் போதும்.

இந்தச் சொல்லாடலுக்குக் கல்விப்புல அந்தஸ்தும் உண்டு. 1988இல் வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் ஸெக்ஹவுஸர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், மனிதர்கள் முடிவெடுக்கும்போது ஏற்கனவே இருக்கிற நிலையின் பக்கமே அளவுக்கு மீறிச் சாய்கிறார்கள் என்று காட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘இருப்பு நிலைச் சாய்வு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்த ஆய்வோடு எனக்குச் சண்டை இல்லை. மனிதர்கள் அப்படிச் சாய்பவர்கள்தான். ஆனால் எல்லாக் கோபத்தையும் ஒரே மாதிரி விளக்குகிற கோட்பாடு எந்தக் கோபத்தையும் விளக்குவதில்லை. பட்டனின் நிறம் நீலத்திலிருந்து பச்சையாக மாறியதற்கு ஒருவன் முகம் சுளிப்பதும், தான் யாருக்குத் தெரிகிறோம் என்பதே ஒரே இரவில் மாறிப்போனதற்கு அவன் கொதிப்பதும் இந்தச் சாய்வின் இரண்டு உதாரணங்கள் ஆகிவிடுகின்றன. இரண்டையும் ‘மறுவடிவமைப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

2

2006 செப்டம்பர் 5. அப்போது ஃபேஸ்புக் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி, பள்ளி மாணவர்களின் இடமாக இருந்தது. மொத்தம் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான பேர். ஒருவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. அன்றைக்கு உள்ளே நுழைந்தவர்களின் முன்னால் ‘நியூஸ் ஃபீட்’ என்ற புதிய பட்டியல் நின்றது. இன்னார் தன் காதல் நிலையைத் ‘தனியாள்’ என்று மாற்றிக்கொண்டார், இன்னார் இந்தக் குழுவிலிருந்து விலகினார், இன்னார் இந்தப் படத்தைச் சேர்த்தார் என்று நண்பர்களின் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாம் செய்திகளாக, வரிசையாக, யாரும் கேட்காமலே கொட்டின.

‘ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடுக்கு எதிரான மாணவர்கள்’ என்ற பெயரில் ஃபேஸ்புக்குக்குள்ளேயே ஒரு குழு தொடங்கப்பட்டது. சில நாட்களுக்குள் அதில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். உறுப்பினர்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்கிற கணக்குக்குச் சற்று மேலாகவே வரும். அன்றிரவே, அப்போது 22 வயதான மார்க் ஸக்கர்பெர்க், ‘அமைதியாகுங்கள். மூச்சு விடுங்கள். நீங்கள் சொல்வது கேட்கிறது’ என்ற தலைப்பில் ஒரு குறிப்பு எழுதினார். இந்தத் தலைப்பின் தொனியைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களும் எதிரில் இருப்பவரின் உடம்பை நோக்கிச் சொல்லப்படுகின்றன. மயக்கம் போட்டவருக்குத் தண்ணீர் தெளிக்கிறவர் பேசுகிற பேச்சு. மூன்றாவது வாக்கியத்தில்தான் அவர் பேசக்கூடியவர் என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. மூன்று நாள் கழித்து செப்டம்பர் 8 அன்று இன்னொரு கடிதம் வந்தது. இதைச் சொதப்பிவிட்டோம் என்ற ஒப்புதலோடு அது தொடங்கியது. எது பட்டியலில் வரலாம், எது வரக்கூடாது என்று பயனர்களே தீர்மானிக்கச் சில கட்டுப்பாடுகள் தரப்பட்டன. ஆனால் ஃபீட் போகவில்லை.

நிறுவனத்தின் வாதம் இதுதான்: முன்பு யாரால் எதைப் பார்க்க முடிந்ததோ அதைத்தான் இப்போதும் பார்க்க முடிகிறது, புதிதாக எதையும் நாங்கள் வெளிப்படுத்தவில்லை. தர்க்கப்படி சரி. சிக்கல் என்னவென்றால், இந்தத் தர்க்கம் பார்வை என்பதையே ஒரு அனுமதிச் சீட்டாக மட்டும் புரிந்துவைத்திருக்கிறது. டானா பாய்ட் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு உவமை சொல்கிறார். விருந்தொன்றில் பாட்டு அலறுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டென்று பாட்டு நின்றுவிடுகிறது. உங்கள் வாக்கியத்தின் பாதி எல்லார் காதிலும் விழுகிறது. அதே அறை, அதே ஆட்கள், அதே வாக்கியம். ஆனால் நடந்தது வேறு. தெரு முனையில் நின்று பேசுகிறவனை எவரும் பார்க்கலாம்; அதற்காக அவன் பேசியதை நாள்தோறும் அச்சடித்து ஊருக்கு விநியோகித்தால் ‘ஏற்கனவே தெருவில் பேசியதுதானே’ என்று அவனிடம் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் ஃபூக்கோவைக் கூட்டிக்கொண்டுவந்து, ‘பனாப்டிகன்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்குக் கைவந்த கலை. அதைவிட முக்கியமான ஒன்றை நான் சொல்ல விரும்புகிறேன். அந்த மாணவர்களில் பலர் இந்த மாற்றத்தை வேவு பார்ப்பதாகவே உணர்ந்தார்கள். தோற்றத்தில் நடந்த மாற்றத்துக்குப் பின்னால் உறவில் நடந்த மாற்றத்தை அவர்கள் முதல் நாளே கண்டுகொண்டார்கள். கோட்பாடு அதற்குப் பிறகுதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, ‘பழக்கம் கெட்டதால் வந்த எரிச்சல்’ என்று சொல்லப்பட்டதற்குள் ஒரு அறிவு இருந்தது. அதை அறிவு என்று ஒப்புக்கொள்ளாததுதான் இந்தக் கதையின் மையம்.

நிறுவனம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஃபேஸ்புக்கின் வரலாற்றை 2010இல் நூலாக எழுதிய டேவிட் கிர்க்பாட்ரிக் தரும் கணக்கின்படி, 2006 ஆகஸ்டில் பயனர்கள் பார்த்த பக்கங்கள் 1200 கோடி. அக்டோபரில் 2200 கோடி. எதிர்ப்புக் குழு அவ்வளவு வேகமாகப் பரவியதுகூட, ‘உங்கள் நண்பர் இந்தக் குழுவில் சேர்ந்தார்’ என்று நியூஸ் ஃபீட் எல்லாருக்கும் அறிவித்ததால்தான் என்று சொல்லப்பட்டது. வாயால் வேண்டாம் என்கிறார்கள், கையால் வேண்டும் என்கிறார்கள். ஆகவே கையை நம்பு. அதற்குப் பின் வந்த தொழில் முழுவதற்கும் இது ஒரு மூல மந்திரம்போல ஆகிவிட்டது. ஆனால் அந்த எண்ணிக்கையை இன்னொரு முறை பார்க்கலாம். 2006 செப்டம்பர் 26 அன்று, அதாவது இந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில், ஃபேஸ்புக் 13 வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கூட்டம் கூடியதும் பக்கங்கள் கூடின. இதில் எவ்வளவு ஃபீடின் வேலை, எவ்வளவு திறந்த கதவின் வேலை என்று அந்த இரண்டு எண்களை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. அது மட்டுமில்லை. தன்னைப் பற்றி என்ன விநியோகமாகிறது என்று பதறிப்போய்ப் பத்து தடவை திறந்து பார்க்கிறவனின் பத்து க்ளிக்கும் ‘பிடித்திருக்கிறது’ என்ற கணக்கில்தான் ஏறும். க்ளிக் பேசாது. அதற்குப் பேச்சுக் கொடுப்பவர் அதை எண்ணுகிறவர்.

3

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: பழக்கம், வழக்கம். பேச்சில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பழக்கம் தனியாளுடையது, உடம்பில் ஏறியது, காலையில் காபி குடிக்கிற மாதிரி. வழக்கம் பலருக்குப் பொதுவானது. அதன் உடன்பிறப்பான ‘வழக்கு’ என்ற சொல் இன்னும் சுவாரஸ்யமானது. மக்கள் மொழியைப் புழங்குகிற விதமும் வழக்குதான். நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்குதான். புழக்கமும் உரிமைக் கோரிக்கையும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. ‘பழகிப்போயிடும்’ என்ற வாக்கியம் செய்வது என்னவென்றால், வழக்கைப் பழக்கமாகச் சுருக்குவது. பலர் சேர்ந்து உண்டாக்கிய ஒரு புழக்கத்தை எடுத்து, ஒவ்வொருவரின் விரல் நுனியில் இருக்கிற அனிச்சைச் செயலாக உடைத்துப் போடுவது.

சமூக வலைத்தளங்களில் வழக்கு என்று ஒன்று உண்டா? உண்டு என்பதற்கு ட்விட்டரைவிட நல்ல உதாரணம் இல்லை. 2006இல் தொடங்கிய அந்தத் தளத்தில் பிறர் எழுதியதை மறுபடி சொல்வதற்குப் பட்டனே கிடையாது. புழங்கியவர்களே ஒரு வழி கண்டார்கள். அவர் பெயரைப் போட்டு, அதன் முன்னால் ‘ஆர்.டி.’ என்று தட்டச்சு செய்து, அவர் வாக்கியத்தை ஒட்டி, இடம் இருந்தால் தன்னுடைய ஒரு சொல்லையும் சேர்ப்பார்கள். சிலர் ‘வியா’ என்று போட்டார்கள். சிலர் முன்னால், சிலர் பின்னால். டானா பாய்ட், ஸ்காட் கோல்டர், கிலாட் லோடன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பன்மையைப் பதிவு செய்திருக்கிறது. ஹேஷ்டேக்கும் இப்படி வந்ததுதான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸினா என்ற பயனர் முன்வைத்தார், நிறுவனம் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

2009 நவம்பரில் ட்விட்டர் ரீட்வீட் பட்டனைக் கொண்டுவந்தது. அந்த முகமாற்றத்துக்கும் எதிர்ப்பு வந்தது. ‘பட்டன் எதற்கு, நாங்களே தட்டச்சு செய்துகொள்கிறோம்’ என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டியது துல்லியமான ஒன்று. புதிய பட்டனை அழுத்தினால் மற்றவரின் வாக்கியம் அப்படியே போகும்; உன் சொல்லைச் சேர்க்க முடியாது. உரை எழுதுகிற உரிமை போய் நகலெடுக்கிற வசதி வந்தது. மூலபாடத்தை மேற்கோள் காட்டி ஒரு வரி சேர்க்கிற உரையாசிரிய மரபில் வந்த நமக்கு இதன் கனம் புரிய வேண்டும். தன் சொல்லோடு பகிரும் வசதியை நிறுவனம் முறையாகத் திருப்பித் தந்தது 2015 ஏப்ரலில்தான். அந்த ரீட்வீட் பட்டனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல் 2019இல், தாங்கள் நாலு வயதுக் குழந்தையின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று வருந்திப் பேசினார். யோசிக்காமல் ஒரே அழுத்தில் எதையும் பரப்பலாம் என்றானதைத்தான் அவர் சொன்னார். தட்டச்சு செய்ய வேண்டியிருந்த அந்தச் சில நொடிகளில் யோசனைக்கு ஒரு இடம் இருந்தது. 2009இல் முணுமுணுத்தவர்கள் காக்க நினைத்தது தங்கள் விரலின் பழக்கத்தையா?

இந்த இடத்தில் சிலர் நன்னூலை எடுத்துக்கொண்டு வருவார்கள். பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை என்று பவணந்தியே சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். ஆனால் அவர் அந்த மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்வது காலத்தை. பேசுகிறவர்களின் வாயில் தேய்ந்து, விலகி, இன்னொன்றாக ஆகிற மாற்றம் அது. ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது நம் வாய்க்குள் வேறு யாரோ சொற்களை மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பதை அவர் சொல்லவில்லை. வழக்கு மாறுவது வேறு. வழக்கை மாற்றுவது வேறு. சமூக வலைத்தளத்தின் மறுவடிவமைப்பு இரண்டாவது வகை. அது எப்போதும் முதல் வகையின் வேடத்தில் வருகிறது.

4

யாருடைய வழக்கு கணக்கில் சேரும்? இது பழைய கேள்வி. வழக்கையும் செய்யுளையும் ஆதாரமாகக் கொண்டு எழுந்தது என்று தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பெருமை சேர்க்கிறது. அதே நூலின் மரபியலோ எல்லார் பேச்சும் வழக்காகிவிடாது, மேலோர் பேச்சே வழக்கு என்று கதவைச் சாத்திவிடுகிறது. கணினித் திரைக்கும் மரபியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஸ்நாப்சாட்டின் கதையைக் கேட்டால் தெரியும்.

2017 நவம்பர் கடைசியில் ஸ்நாப்சாட் தன் புதிய முகத்தை அறிவித்தது. 2018 பிப்ரவரியில் அது பரவலாக எல்லாருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. நண்பர்கள் அனுப்புகிற செய்தியும் நண்பர்களின் ‘ஸ்டோரி’யும் ஒன்றாகக் கலக்கப்பட்டன, பிரபலங்களும் பதிப்பாளர்களும் இன்னொரு பக்கத்துக்குப் போனார்கள். பழையதைத் திருப்பிக் கொடு என்ற விண்ணப்பத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நிறுவனத்தின் தலைவர் இவான் ஸ்பீகல் அந்த மாதம் ஒரு முதலீட்டாளர் மாநாட்டில், பயனர்கள் பழகிக்கொள்ளக் காலமாகும் என்றும், வருகிற புகார்களேகூட இந்த மாற்றத்தின் தத்துவத்தை உறுதிப்படுத்துகின்றன என்றும் பேசினார். ஆதரித்தால் ஆதரவு, எதிர்த்தாலும் ஆதரவு. மறுப்பையே நிரூபணமாகச் செரித்துக்கொள்கிற இப்படிப்பட்ட வயிறு முன்பெல்லாம் சமயங்களுக்கு மட்டும்தான் இருந்தது.

பிறகு பிப்ரவரி 21 அன்று கைலி ஜென்னர் என்ற தொலைக்காட்சிப் பிரபலம், இப்போதெல்லாம் ஸ்நாப்சாட்டைத் திறப்பதே இல்லை என்ற பொருளில் ஒற்றை வாக்கியம் எழுதினார். மறுநாள் அந்த நிறுவனத்தின் பங்கு 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சந்தை மதிப்பில் சுமார் 130 கோடி டாலர் போனது. அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்பே முதலீட்டாளர்களுக்குக் கவலை இருந்தது. ஆனால் எல்லாப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின என்பதே ஒரு சாட்சி. 12 லட்சம் பேரின் கையெழுத்து வெறும் உணர்ச்சியாக வாசிக்கப்பட்டது. மேலோர் ஒருவரின் அலுப்பு உண்மையாக வாசிக்கப்பட்டது. அந்த வருஷம் இரண்டாவது காலாண்டில் தினசரிப் பயனர்கள் 19 கோடியே 10 லட்சத்திலிருந்து 18 கோடியே 80 லட்சமாகக் குறைந்தார்கள். மறுவடிவமைப்பு உண்டாக்கிய குலைவுதான் முதன்மைக் காரணம் என்று நிறுவனமே சொல்லும்படி ஆனது.

2022 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் இதே நாடகம் இன்னொரு முறை. திரை முழுவதையும் அடைக்கிற வீடியோக்கள், முன்பின் தெரியாதவர்களின் பதிவுகள். ‘இன்ஸ்டாகிராமை மறுபடி இன்ஸ்டாகிராம் ஆக்கு’ என்ற விண்ணப்பம். அதைக் கைலி ஜென்னரும் அவருடைய அக்கா கிம் கர்தாஷியனும் பகிர்ந்ததும், அந்த வாரத்துக்குள் முழுத்திரைச் சோதனையைப் பின்வாங்குவதாக நிறுவனம் அறிவித்தது. இதைப் பயனர்களின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. கோடிக்கணக்கான பின்தொடர்பவர்களை வைத்திருக்கிற ஒருவர் பரிந்து பேசினால்தான் ஒரு வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றால், அது சமஸ்தானத்து நீதி.

5

அப்படியானால் ஓட்டுப் போடலாமே என்று தோன்றும். போட்டும் பார்த்தார்கள். இந்த அத்தியாயம் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது, மறக்கப்படக் கூடாது. 2009 பிப்ரவரியில் தன் விதிமுறைகளை மாற்றியதற்கு வந்த எதிர்ப்பில் பின்வாங்கிய ஃபேஸ்புக், இனிமேல் விதிகளில் பெரிய மாற்றம் வந்தால் பயனர்கள் வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. செயல்படும் பயனர்களில் 30 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தால் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் வெறும் ஆலோசனை. திரையின் அமைப்பு இந்த வாக்கெடுப்புக்கு வரவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முகம் யாருடைய சொத்து என்பதில் அப்போதே சந்தேகம் இருக்கவில்லை. விதி மட்டும்தான் பேச்சுக்கு வந்தது.

2012 டிசம்பரில் கடைசி வாக்கெடுப்பு நடந்தது. இந்த வாக்களிக்கும் முறையையே எடுத்துவிடலாமா என்பதும் அதில் ஒரு கேள்வி. 6 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். சுமார் 88 சதவீதம் பேர் மாற்றங்களை எதிர்த்தார்கள். அப்போது பயனர்கள் 100 கோடிப் பேர். முடிவு செல்ல வேண்டுமானால் 30 கோடிப் பேர் ஒரே வாரத்தில் வாக்களித்திருக்க வேண்டும். வாக்களிக்கும் உரிமை, வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்த்த நிலையில், முறைப்படி நீக்கப்பட்டது. இதைவிட எளிமையாக ஒரு அரசியல் உவமையைக் கற்பனை செய்து எழுதினால், ‘ரொம்பவும் செயற்கையாக இருக்கிறது’ என்று நாமே திருப்பி அனுப்பியிருப்போம்.

‘பாத்தியா, 100 கோடியில ஏழு லட்சம்கூட வரல, யாருக்கும் அக்கறை இல்ல’ என்று இதை வாசிக்கிறவர்கள் உண்டு. அக்கறை இருப்பதற்கு ஒரு இடம் வேண்டும். ஃபீடில் நண்பரின் பிறந்தநாளை நினைவூட்டத் தெரிந்த இயந்திரத்துக்கு, ஒரு வாக்கெடுப்பு நடக்கிறது என்பதை எல்லார் கண்ணிலும் படவைப்பதா கஷ்டம்?

பேச்சு எடுபடாதபோது மிஞ்சுவது வெளியேறுதல். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூல், நிறுவனம் கெட்டுப்போகும்போது மக்களுக்கு இருக்கும் வழிகளாக இந்த இரண்டையும்தான் வைத்தது: விலகு, அல்லது குரல் கொடு. டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் விலகலின் உதாரணம். 2010 ஆகஸ்ட் 25 அன்று அது தன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பிடிக்காத செய்தியைப் புதைக்க உதவிய பட்டன் காணாமல் போயிற்று. பெரிய பதிப்பாளர்கள் தங்கள் செய்திகளைத் தாமாகவே கொண்டுவந்து கொட்டும் வழி திறந்தது. முதல் பக்கத்தைத் தீர்மானித்துவந்தது பயனர்களின் கூட்டு உழைப்பு, அதுதான் கைமாறியது. ஆகஸ்ட் 30 அன்று பயனர்கள் திரண்டு டிக்கின் முதல் பக்கத்தைப் போட்டித் தளமான ரெட்டிட்டின் இணைப்புகளால் நிரப்பினார்கள். அப்புறம் கிளம்பிவிட்டார்கள். 2012 ஜூலையில் டிக்கின் பெயரும் தளமும் பீட்டாவொர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. இங்கே யாரும் பழகிக்கொள்ளவில்லை. ‘எப்போதுமே பழகிக்கொள்கிறார்கள்’ என்பவர்கள் டிக்கைச் சொல்வதில்லை. பழகிக்கொண்டவர்கள் இருக்கும் தளங்கள்தான் நிலைத்து நின்று கதை சொல்கின்றன. பழகாதவர்கள் போன தளத்துக்கு வாய் இல்லை.

ஆனால் டிக்கிலிருந்து போனவர்களுக்குப் போக ஒரு ரெட்டிட் இருந்தது. ஃபேஸ்புக்கிலிருந்து போகிறவன் தன் அத்தையையும் பள்ளித் தோழர்களையும் இருபது வருஷப் புகைப்படங்களையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தொடர்ந்து இருக்கிறான் என்பதால் ஒப்புக்கொண்டான் என்று சொல்வது, வாடகைக்கு வேறு வீடு கிடைக்காதவனைப் பார்த்து ‘வீடு பிடித்துப்போய்விட்டது’ என்று சொல்கிற மாதிரி.

6

எதிர்வாதங்கள் இரண்டு வரும். ஒன்று சந்தையின் பக்கத்திலிருந்து: ‘இலவசமாத்தானே குடுக்கிறான், அவன் கடை, அவன் இஷ்டம்.’ இதற்கு ரீட்வீட் கதையிலேயே பதில் இருக்கிறது. கடையில் விற்கிற சரக்கை வாடிக்கையாளர்களே செய்துவைக்கும்போது, அடுக்குகளை யார் எப்படி மாற்றுவது என்பதில் அவர்களுக்குப் பேச இடம் உண்டு.

இரண்டாவது நம்முடைய பக்கத்திலிருந்து வருவது. அதை நான் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கோபம் முழுக்கப் பின்னோக்கியது. ‘பழையதைக் கொடு’ என்பதைத் தாண்டி அதற்கு ஒரு சொல் கிடையாது. 2006இல் ஃபீடை எதிர்த்தவர்களிடமிருந்து இன்றைக்கு ஃபீடை எடுத்தால் அதற்கும் குழு தொடங்குவார்கள். மூலதனத்தின் ஒரு முகத்துக்குப் பதிலாக அதன் முந்திய முகத்தைக் கேட்பதில் என்ன அரசியல் இருக்கிறது? நண்பர்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி உண்மை. இந்தக் கோபத்துக்குச் சொந்தமாக ஒரு மொழி இல்லை. தொட்டுணரக்கூடிய ஒரே உதாரணம் நேற்று இருந்தது என்பதால் அது நேற்றின் பெயரில் பேசுகிறது. பஞ்சத்தில் பழைய விலையைக் கேட்டவர்களையும், மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டபோது பழைய வழித்தடத்தைக் கேட்டவர்களையும் ‘பழமைவாதிகள்’ என்று சொன்ன வரலாற்றாசிரியர்கள் இருந்தார்கள். ஈ.பி. தாம்ஸன் போன்றவர்கள் வந்துதான் அந்தப் பழைய வழக்கங்களுக்குள் இருந்த நியாய உணர்வை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பசியையும் பட்டனையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வாசிக்கும் முறையைத்தான் சொல்கிறேன். வழக்கத்தின் பெயரில் பேசுவது, உரிமைப் பத்திரம் இல்லாதவர்களின் பேச்சு முறை.

எல்லா முகமாற்றத்தையும் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் கோபித்துக்கொள்கிறவன் உண்மையிலேயே பழகிப்போவான்; போகட்டும். பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் போதும். இந்த மாற்றம் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மாற்றுகிறதா? புழங்கியவர்கள் உண்டாக்கிய ஒரு வழியை அடைக்கிறதா? பழைய வழியைக் கொஞ்ச காலமாவது திறந்து வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்வி அசாத்தியமானதைக் கேட்பதாகச் சொல்வார்கள். 2018இல் முகம் மாற்றியபோது ரெட்டிட் தன் பழைய முகத்தைத் தனி முகவரியில் விட்டுவைத்தது. முடியும் என்பதற்கு அது போதும். மற்றவர்கள் செய்யாதது முடியாமல் இல்லை.

தமிழில் இந்தத் தளங்களைப் புழங்குகிறவருக்குச் சிலர் ‘பயனர்’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘பயனாளி’ என்று எழுதுகிறார்கள். பயனாளி என்பது அரசாங்க நலத்திட்டத்திலிருந்து வந்த சொல். மேடைக்கு வரிசையாக வந்து, கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர். ‘பழகிப்போயிடும்’ என்ற வாக்கியம் மனதில் வைத்திருப்பது அவரைத்தான். மேடையைக் கட்டியதிலும் தனக்குக் கை உண்டு என்று அவர் வாய் திறக்கும்போது, அதை வியாதி என்று சொல்கிறவர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்க வேண்டியதில்லை. அவர் தொடுத்திருப்பது ஒரு வழக்கு. அதை விசாரிக்க இதுவரை ஒரு மன்றம் இல்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று ஆகிவிடாது.